அந்த ஐம்பது ரூபாயை மைக்கில் வாசிக்காதீர்கள்

நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சாயங்காலம் வாசித்துக்கொள்ளுங்கள். வாசிக்காமலே "ஆமென் டீச்சர்" என்று போட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள். நான் என்ன சொல்கிறேன் என்று தெரிந்தபிறகு பலபேர் அந்த ஆமெனைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

விஷயம் இதுதான். ஞாயிறு ஆராதனையில் யார் எவ்வளவு காணிக்கை கொடுத்தார்கள் என்று பெயரையும் தொகையையும் சேர்த்து மைக்கில் வாசிக்கிற வழக்கத்தை நம் சபைகள் நிறுத்த வேண்டும். சீக்கிரமாக வாசியுங்கள், மெதுவான குரலில் வாசியுங்கள் என்று நான் கேட்கவில்லை. தொகையை வாசிக்கவே கூடாது என்கிறேன்.

எந்தச் சபை என்று கேட்காதீர்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி என்று எங்கள் பக்கத்தில் நான் போய் உட்கார்ந்த பல ஆலயங்களில் இதே கதைதான். வாசிக்காத சபைகளும் இருக்கின்றன. அவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போகலாம். ஆர்.சி. நண்பர்கள் வீட்டுத் திருப்பலிகளுக்கும் போயிருக்கிறேன். அங்கே பூசைக் கருத்து யாருக்காக என்று பெயரை வாசிக்கிறார்கள். தொகையை வாசித்து நான் கேட்டதில்லை.

டீச்சருக்கு வயசாகிவிட்டது, எதைப் பார்த்தாலும் எரிச்சல் என்று சிலர் சொல்வீர்கள். எரிச்சல்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஜெபத்தின் நடுவில் செல்போனில் சினிமாப் பாட்டு அடிக்கிறது, அதை அணைக்கத் தெரியாமல் ஒருவர் வெளியே ஓடுகிறார். கீபோர்டு சத்தத்தில் பாமாலையின் ஒரு வரியும் காதில் விழுவதில்லை. விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது உள்ளே வருகிறவர்கள் முன்வரிசைக்குத்தான் நடந்துபோவார்கள். ஆலய வாசலில் நிறுத்திய கார்களுக்கு நடுவே முட்டிவலிக்காரர்கள் வளைந்து வளைந்து போக வேண்டும். இருபது நிமிடப் பிரசங்கம் என்று ஆரம்பித்து "கடைசியாக ஒரு வார்த்தை" என்று மூன்று முறை சொல்கிற ஐயர்மாரும் உண்டு. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டில் நாற்பது பேர் இருந்தாலே சத்தம் இருக்கும். நாம் நானூறு பேர் கூடுகிறோம்.

ஆனால் காணிக்கை வாசிப்பை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. இது ஆளைக் காயப்படுத்துகிறது.

பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறிவிப்புகள் முடிந்ததும் செயலர் ஒரு கட்டுச் சீட்டோடு வருவார். பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை, திருமணநாள் ஸ்தோத்திரக் காணிக்கை, புது வீட்டில் பால் காய்ச்சியதற்கு, மகனுக்கு சவுதியில் வேலை கிடைத்ததற்கு, மருமகள் சுகமாகப் பிள்ளை பெற்றதற்கு, பைக்கில் இருந்து விழுந்து உயிர் தப்பியதற்கு. ஒவ்வொன்றிலும் பெயர், தெரு, காரணம், தொகை. தொகை வரும்போது குரல் மாறும். "ரூபாய் பத்தாயிரம்" என்பதை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி வாசிப்பார். வாசித்துவிட்டு சபையை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். "ரூபாய் ஐம்பது" என்பது அடுத்த பெயரோடு ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். சில இடங்களில் நூறு ரூபாய்க்குக் கீழே உள்ளவற்றை மொத்தமாகச் சேர்த்து "மற்றும் சில்லறைக் காணிக்கைகள்" என்று முடித்துவிடுகிறார்கள். சில்லறையாம்.

ஒரு ஞாயிறு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வாசிப்பு 22 நிமிடம் ஓடியது. அன்றைக்குப் பிரசங்கம் 19 நிமிடம். ஐயர் நேரமாகிவிட்டது என்று சுருக்கிக்கொண்டார்.

இப்போது யூடியூப் நேரலையும் சேர்ந்துகொண்டது. துபாயிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகள் ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டு, தங்கள் பெயர் வாசிக்கப்படுகிற இடத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பிறந்த ஊரில் தன் பெயர் ஒலிக்க வேண்டும் என்ற ஏக்கம் எல்லாருக்கும் இருக்கும். அந்த ஏக்கத்தைத் தொகையோடு கட்டிவைத்தவர்கள் இங்கே இருக்கிற நாம்.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதை நெருங்குகிறவர். வாழ்நாள் எல்லாம் பீடி சுற்றியவர், இப்போது கண் மங்கிவிட்டது, தட்டை மடியில் வைத்தால் முன்பு சுற்றியதில் பாதிகூட முடிவதில்லை. ஆண்டுதோறும் பிறந்தநாளுக்கு ஐம்பது ரூபாய் எழுதிக் கொடுப்பார். பிறந்த தேதி அவருக்கு உண்மையில் தெரியாது, ஆதாரில் இருக்கிற தேதிதான். ஒரு வருடம் அந்த ஐம்பதை வாசித்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்களோ, வேறு ஏதாவது காரணமாகவும் இருக்கலாம். அடுத்த வருடம் அவர் பெயர் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று போய்ப் பார்த்தேன். "பையிலே போட்டுட்டேன் டீச்சர். அதுல போட்டா ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்கல்லா" என்றார்.

நல்லதுதானே, இரகசியமாகக் கொடுத்துவிட்டாரே என்று கேட்பீர்கள். பொறுங்கள். சீட்டு கொடுத்தவர்களுக்குத்தான் ஐயர் பெயர் சொல்லி ஜெபிக்கிறார். பையில் போட்டவர்களுக்குப் பெயர் கிடையாது, ஜெபமும் கிடையாது. அந்த முதியவள் ஆண்டுக்கு ஒருமுறை, பீடத்துக்கு முன்னால் தன் பெயர் சொல்லப்பட்டு, நானூறு பேர் தனக்காக ஆமென் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட இன்று ஆள் இல்லை. தொகைக்குப் பயந்து அந்த ஒரு ஆமெனையும் விட்டுவிட்டாள். ஐம்பது ரூபாய் கொடுக்க வெட்கப்பட்டவள் அல்ல அவள். அந்த ஐம்பதை நாம் வாசித்த விதம் அவளை வெட்கப்படவைத்தது.

இன்னொரு வீடு. ஊரையும் தெருவையும் சொல்ல மாட்டேன். கணவருக்கு வளைகுடாவில் வேலை இருந்த வருடங்களில் திருமண நாளுக்கு ஐயாயிரம் கொடுத்தார்கள். வேலை போய் அவர் ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆயிற்று. அந்த வருடமும் ஐயாயிரம் என்று வாசித்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது? மகள் காலேஜ் பீஸ் கட்ட மகளிர் குழுவில் எடுத்த லோனில் இருந்து. "ஏம்மா இப்படிச் செஞ்சே?" என்று கேட்டேன். "போன வருஷம் ஐயாயிரம்னு வாசிச்சாங்க டீச்சர். இந்த வருஷம் ஐந்நூறுன்னு வாசிச்சா, அவருக்கு வேலை போனதை மைக்குல சொன்ன மாதிரி ஆயிரும்லா" என்றாள். குழு லோனுக்கு வாரத் தவணை. தவறினால் குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். கர்த்தருக்குக் கொடுத்த ஸ்தோத்திரக் காணிக்கைக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள் அந்தப் பெண்.

மாற்கு 12 ஆம் அதிகாரத்தில் ஏழை விதவையின் காணிக்கையைப் பற்றி எல்லாரும் பிரசங்கிக்கிறோம். அதற்கு முந்தின வசனங்களை எடுத்துப் பாருங்கள். நீண்ட அங்கி போட்டுக்கொண்டு, முதன்மையான இடங்களில் உட்கார்ந்து, விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களைப் பற்றி ஆண்டவர் எச்சரித்துவிட்டுத்தான் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே போய் உட்காருகிறார். இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் தொடக்கப் பள்ளியில் 34 வருடம் வேலை பார்த்தவள். மார்க்கை வகுப்பில் சத்தமாக வாசித்தால் என்ன நடக்கும் என்று எந்த ஆசிரியரை வேண்டுமானாலும் கேளுங்கள். முதல் இரண்டு பிள்ளைகள் அடுத்த பரீட்சைக்கு இன்னும் கொஞ்சம் படிப்பார்கள், உண்மை. கடைசி நான்கு பேருக்கு அடுத்த பரீட்சை அன்றைக்குச் சரியாக வயிற்றுவலி வரும். நடுவில் இருக்கிற பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையின் மார்க்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பாடத்தை அல்ல. பள்ளிக்கூடத்திலாவது ஹாஜர் புத்தகம் இருக்கிறது, வராதவனைத் தேடிப் போவோம். ஆலயத்துக்கு வராமல் போனவளை யார் தேடுகிறார்கள்?

இனி எதிர்க்கட்சிக்கு வருகிறேன்.

இதை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னபோது வேதாகமத்தில் நல்ல பழக்கம் உள்ள ஒரு பெரியவர் உடனே எண்ணாகமம் 7 ஆம் அதிகாரத்தை எடுத்தார். "பன்னிரண்டு கோத்திரப் பிரபுக்களும் கொடுத்ததை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, எடை சொல்லி எழுதியிருக்கிறதே டீச்சர், தேவனே வாசிக்கச் சொல்லியிருக்கிறாரே" என்றார். நல்ல கேள்வி. 89 வசனம் உள்ள அதிகாரம் அது. பலர் பாதியில் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாமல் வாசித்தவர்களுக்குத் தெரியும்: பன்னிரண்டு பேரும் ஒரே காணிக்கைதான் கொடுத்தார்கள். 130 சேக்கல் வெள்ளித்தாலம், 70 சேக்கல் வெள்ளிக்கலம், 10 சேக்கல் பொன் தூபகரண்டி. முதல் நாள் கொண்டுவந்த யூதா கோத்திரத்தில் எண்ணப்பட்டவர்கள் 74,600 பேர். மனாசே கோத்திரத்தில் 32,200 பேர்தான். பாதிக்கும் குறைவு. ஆனாலும் தாலம் ஒரே எடை, கரண்டி ஒரே எடை. அப்படி எல்லாரும் ஒரே தொகை கொடுக்கிற சபையாக இருந்தால் தாராளமாக வாசியுங்கள், நானும் உட்கார்ந்து கேட்கிறேன். யாத்திராகமம் 30 இல் அரைச் சேக்கல் காணிக்கைக்கும் அதே ஒழுங்குதான். ஐசுவரியவான் கூட்டிக் கொடுக்கவும் கூடாது, தரித்திரன் குறைத்துக் கொடுக்கவும் கூடாது.

இன்னொருவர், "இயேசுவே காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தாரே, தொகையையும் சொன்னாரே" என்றார். சொன்னார். யாருடைய தொகையை? அன்றைக்குப் பணக்காரர்கள் நிறையப் போட்டார்கள் என்று மட்டும் இருக்கிறது, எவ்வளவு என்று இல்லை. எண்ணிச் சொல்லப்பட்டது அந்த விதவையின் இரண்டு காசு மட்டும். அதையும் ஆலயம் முழுக்கக் கேட்கும்படி சொல்லவில்லை. சீஷர்களை அருகே கூப்பிட்டுச் சொன்னார். அவள் பெயரை இன்றுவரை நமக்குத் தெரியாது. நாம் செய்வது இதற்கு நேர் தலைகீழ். பத்தாயிரத்தை நிறுத்தி வாசிக்கிறோம், இரண்டு காசைச் சில்லறையில் சேர்த்துவிடுகிறோம்.

எருசலேம் தேவாலயத்தைப் பற்றி யூதர்களின் மிஷ்னாவில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, அங்கே எக்காள வடிவில் பதின்மூன்று காணிக்கைப் பெட்டிகள் இருந்தன. மற்றது பலருக்குத் தெரியாது. தேவாலயத்தில் இரகசிய அறை என்று ஒன்று இருந்தது. பாவத்துக்குப் பயந்தவர்கள் அதற்குள் போய் யாருக்கும் தெரியாமல் பணத்தை வைத்துவிட்டு வருவார்கள். நன்றாக வாழ்ந்து கெட்ட குடும்பத்து ஏழைகள் அதே அறைக்குள் போய் யாருக்கும் தெரியாமல் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். கொடுத்தவர் யார் என்று வாங்கியவருக்குத் தெரியாது, வாங்கியவர் யார் என்று கொடுத்தவருக்கும் தெரியாது. இதை வாசித்ததில் இருந்து, வேலை போய் வந்த அந்தக் கணவனும் மனைவியும் அப்படி ஓர் அறை இருக்கிற சபையில் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். லோன் எடுத்துக் கொடுத்திருக்க மாட்டார்கள். பீஸுக்கு அங்கே இருந்து எடுத்திருப்பார்கள்.

"முன்னோர் வழக்கம், மாற்றக்கூடாது" என்பது அடுத்த வாதம். எந்த முன்னோர்? என் அம்மா வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலை வைக்கும்போது அரிசியை அளந்து எடுத்து, அதிலிருந்து ஒரு பிடியைக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார். பிடியரிசிக் காணிக்கை. பெண்கள் சங்கத்தில் இருந்து வந்து எல்லா வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டிக்கொண்டு போவார்கள். சாக்கில் கொட்டியபின் பண்ணையார் வீட்டுப் பிடி எது, பனையேறி வீட்டுப் பிடி எது? சம்பா எது, ரேஷன் அரிசி எது என்றுதான் சொல்ல முடியும், அதுவும் வேகிறவரைக்கும்தான்.

அந்த மாதிரிச் சாக்குகளில் இருந்து வளர்ந்தது நம் சபை. 1820 இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் 1830 இல் தர்ம சங்கம் தொடங்கினார். துன்பப்படுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.  1903 இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது அந்நியப் பணம் வேண்டாம், நம் ஆட்கள், நம் காசு என்று தீர்மானித்தார்கள். அதில் முன்நின்ற வேதநாயகம் அசரியா வெள்ளாளன்விளைக்காரர். 1912 இல் தோர்ணக்கல் பேராயராக, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக ஆனார். காணிக்கை கொடுப்பதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியவர். காணிக்கையைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்வதாக நினைப்பவர்கள் அசரியாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழைச் சபையும் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போதுதான் அது தன் காலில் நிற்கும் என்று சொன்னவர் அவர். நானும் அதைத்தான் சொல்கிறேன். கொடுங்கள். மைக் வேண்டாம்.

"வாசிக்கவில்லை என்றால் வருமானம் படுத்துவிடும்." உண்மையான வாதம் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதற்குப் போட்ட போர்வை. பொருளாளராக இருக்கிற ஒருவர், என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர், மனம் திறந்து சொன்னார்: "டீச்சர், நீங்க சொல்றது எல்லாம் சரிதான். ஆனா கரண்டு பில்லு கட்டணும், சபை ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கணும், கோபுரத்துல விரிசல் விட்டுருக்கு. வாசிச்சாத்தான் அடுத்தவன் எழுந்திரிப்பான்." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கணக்கு அவர் தலையில் இருக்கிறது. ஆனால் அவரிடம் நான் கேட்டதை இங்கேயும் கேட்கிறேன். வாசித்தால்தான் கொடுப்பேன் என்கிறவர் கொடுப்பது காணிக்கையா, விளம்பரக் கட்டணமா? விளம்பரக் கட்டணம் என்றால் அதற்கு ஸ்தோத்திரம் என்று பெயர் வைக்க வேண்டாம். மதில் சுவரில் பலகை வாடகைக்கு விடலாம், இன்னும் நிறையவே கிடைக்கும்.

வருமானம் படுக்கும் என்பதையும் நான் முழுசாக நம்பவில்லை. மிசோராமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 இல் பிடியரிசி சேர்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் மொழியில் புஃபாய் தாம் என்கிறார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி, நம் அம்மாக்கள் செய்தது போலத்தான். இன்றைக்கு அந்த அரிசியை விற்று வருடத்துக்குக் கோடிக்கணக்கான ரூபாய் ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள். அங்கே அளவு கைப்பிடி. அதிகாரி மனைவியின் கைக்கும் கூலிக்காரியின் கைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நாம் கலயத்தை உடைத்துப்போட்டுவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டோம்.

"கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும், வாசித்தால்தான் கையாடல் நடக்காது" என்பவர்களுக்கு: கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதில் உங்களைவிட நான் கண்டிப்பானவள். அதற்கு ரசீது என்று ஒன்று கண்டுபிடித்து எத்தனையோ காலம் ஆயிற்று. ஒவ்வொரு காணிக்கைக்கும் எண் போட்ட ரசீது கொடுங்கள். மாதக் கடைசியில் ரசீது எண்ணையும் தொகையையும் மட்டும் அச்சடித்து ஆலய வாசலில் ஒட்டுங்கள், பெயர் வேண்டாம். என் எண் எனக்குத் தெரியும், நான் போய்ச் சரிபார்த்துக்கொள்வேன். அதற்குக் கீழே மொத்த வரவு, மொத்தச் செலவு, எந்தச் செலவுக்கு யார் கையெழுத்துப் போட்டது என்று எழுதுங்கள். வேடிக்கை என்னவென்றால், ஐம்பது ரூபாய் வரவை மைக்கில் வாசிக்கிற சபைகள் பலவற்றில் ஐம்பதாயிரம் ரூபாய் செலவை யாரும் வாசித்து நான் கேட்டதே இல்லை.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கமெண்டில் கேட்பீர்கள். எனக்கு ஏலம் பிடிக்கும். பூசணிக்காயும் சேவலும் முருங்கைக்காய்க் கட்டும் வந்து குவியும், பிள்ளைகள் சேவலைத் துரத்துவார்கள், முட்டை ஒன்றை ஐந்நூறுக்கு எடுத்து ஒருவர் திரும்பவும் ஏலத்துக்கே கொடுப்பார், எல்லாரும் சிரிப்பார்கள். அது விளையாட்டு, எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டு, யாரும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு குடும்பத்தாருக்கு சேகரத் தேர்தலில் மனஸ்தாபம் இருந்து, ஒரு வாழைத்தாருக்கு இருவரும் விட்டுக்கொடுக்காமல் ஏறிக்கொண்டே போய், கடைசியில் தோற்றவர் மனைவியோடு அசனத்துக்குக்கூட இருக்காமல் வீட்டுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். ஏலம் விடுகிறவருக்கு நிறுத்தத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

மின்விசிறி விஷயம் பழைய நகைச்சுவை. உபயம் என்று பெயரை இறக்கையில் எழுதினார்கள். சுற்றும்போது தெரியவில்லை என்று நடுவில் எழுதினார்கள். அதுவும் தெரியவில்லை என்று இப்போது சுவரில் தனிக் கல்வெட்டு. விசிறி ரிப்பேர் ஆகிக் கழற்றிப் போய்விட்டது, கல்வெட்டு இருக்கிறது.

சிரிக்கலாம். ஆனால் இந்தத் தொகைகள் வெறும் சத்தமாகக் காற்றில் போய்விடுவதில்லை. யார் வீட்டுக்கு ஐயர் முதலில் ஜெபத்துக்குப் போகிறார், சபை மன்றத் தேர்தலில் யார் நிற்கலாம், யார் வீட்டுச் சாவுக்கு மணி உடனே அடிக்கிறது, யாருக்கு "சங்கக் காணிக்கை பாக்கியைப் பார்த்துட்டுச் சொல்றோம்" என்ற பதில் வருகிறது என்பதெல்லாம் ஞாயிறுதோறும் வாசிக்கிற அந்தப் பட்டியலில் இருந்துதான் மனதுக்குள் எழுதப்படுகிறது. பிணத்தைக் கூடத்தில் வைத்துக்கொண்டு பழைய ரசீதைத் தேடிய வீட்டை நான் பார்த்திருக்கிறேன். யாக்கோபு தன் நிருபத்தின் 2 ஆம் அதிகாரத்தில் பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தவனுக்குப் பாதபடியண்டை இடமும் கொடுக்கிற சபையைப் பற்றி எழுதினார். நம் ஆலயத்தில் எல்லாருக்கும் ஒரே பெஞ்சு, யாரையும் தரையில் உட்கார வைப்பதில்லை என்று நாம் பெருமைப்படலாம். தரையில் உட்கார வைக்கிற வேலையை மைக் செய்துவிடுகிறது.

"பெயரே வாசிக்க வேண்டாமா, ஜெபம் வேண்டாமா?" வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். அந்த வாரம் பிறந்தநாள் வருகிற எல்லாருடைய பெயரும் குடும்பப் பதிவேட்டில் இருக்கிறது. அதைப் பார்த்து வாசியுங்கள், கொடுத்தவர் கொடுக்காதவர் என்று பார்க்காமல். பிள்ளைகள் முன்னால் வந்து நிற்கட்டும், முதியவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே கை தூக்கட்டும், ஐயர் பெயர் சொல்லி ஜெபிக்கட்டும். காணிக்கை பைக்குப் போகட்டும், ரசீது வேண்டியவர்கள் கவரில் போட்டு அலுவலகத்தில் கொடுக்கட்டும். வேலை கிடைத்தது, சுகம் கிடைத்தது என்று சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம், தொகை இல்லாமல். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஆறேழு நிமிடத்தில் முடியும்.

இதைத் தீர்மானமாக எழுதி வைத்திருக்கிறேன், அரைப் பக்கம்தான். வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையின் பொதுக்கூட்டம். முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். எங்கள் சபைக்காரர்கள் இதை வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சம்மதம் என்றால் உங்கள் பெயரை கமெண்டில் போட வேண்டாம். இன்பாக்ஸுக்கு வாருங்கள், அல்லது சாயங்காலம் வீட்டுப் பக்கம் வந்துவிட்டுப் போங்கள்.